கல்யாணக் கதையை எப்படிப் பத்திரப்படுத்துவது? ஐந்து வழிகளும் அவற்றில் வெளியே தெரியாத செலவும்

கல்யாணத் தேதி குறித்ததும் போட்டோவுக்கும் வீடியோவுக்கும் ஆள் பேசிவிடுகிறோம், அதில் இப்போது யாரும் பெரிதாகத் திணறுவதில்லை. திணறுவது அடுத்த கேள்வியில்தான். படம் இருக்கும், சரி. ஆனால் பெண் பார்க்க வந்த அன்று என்ன பேச்சு நடந்தது, இந்தச் சம்பந்தத்தை முதலில் யார் பேச்செடுத்தார்கள், அப்பத்தா தன் கல்யாணத்தைப் பற்றி என்ன சொல்வார், தூரத்து ஊரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவர் ஏன் அவ்வளவு சிரமப்பட்டு வந்தார், இதெல்லாம் எங்கே பதிவாகும்? மண்டபத்தில் ஒரு வாழ்த்துப் புத்தகம் வைக்கலாமா, வீடியோக்காரரையே வந்தவர்களிடம் பேட்டி எடுக்கச் சொல்லலாமா, வாட்ஸ்அப்பில் குரல்பதிவு வாங்கலாமா, பிறகு வீட்டில் உட்கார்ந்து கேட்கலாமா, இல்லை நாமே கதையாக எழுதி அச்சடித்துவிடலாமா என்று குழம்பி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான குடும்பங்களுக்குக் கல்யாணம் முடிந்த பிறகு வீட்டில் உட்கார்ந்து எடுக்கும் ஒலிப்பேட்டிதான் சரிப்படும். ஆனால் எல்லோருக்கும் அதுவே என்று சொல்ல மாட்டேன், சில கல்யாணங்களுக்கு அது பொருந்தவே பொருந்தாது, அதையும் பார்ப்போம்.

கல்யாணத்தை எழுத்தில் வைப்பது நமக்குப் புதிதும் இல்லை. மொய் நோட்டு எத்தனையோ வீடுகளில் பீரோவுக்குள் பத்திரமாக இருக்கிறது. செய்யுளாக எழுதி, அச்சடித்து, கண்ணாடி போட்டு மேடையில் வாசித்துக் கொடுக்கும் வாழ்த்து மடல் பழைய வீடுகளின் சுவர்களில் இன்னும் தொங்குகிறது. நகரத்தார் திருமணங்களில் இசைகுடிமானம் என்ற திருமணப் பதிவை எழுதும் வழக்கம் உண்டு. இவற்றில் பேரும் ஊரும் தொகையும் வாழ்த்தும் இருக்கும், கதை மட்டும் இருக்காது. அது பேச்சிலேயே இருந்து, பேசுகிறவரோடு போய்விடும்.

## எதை வைத்து எடை போடுவது

பணத்தை வைத்து ஆரம்பிக்காதீர்கள். இந்த ஐந்தில் எதுவும் கல்யாணச் சாப்பாட்டுச் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. நான் பார்ப்பது இவற்றைத்தான்:

முதலில், கையில் வரப்போவது வாழ்த்தா, கதையா? இதுதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. "நூறு வருஷம் நல்லா இருக்கணும்" என்பதை இருநூறு பேர் சொன்னால் சந்தோஷம்தான், ஆனால் பத்து வருடம் கழித்து அதைத் திரும்பக் கேட்க யாரும் உட்கார மாட்டார்கள். "உங்க அப்பா அன்னைக்குச் சைக்கிள்ல வந்து இறங்கினப்போ சட்டை பூரா சேறு" என்று ஒரு அத்தை சொன்னது இருந்தால், அதைக் கேட்கப் பேரப்பிள்ளைகளும் வந்து உட்காருவார்கள்.

இரண்டாவது, யாருடைய குரல் விடுபடுகிறது? எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர்கள், காது மந்தமானவர்கள், சமையல்கட்டிலும் சீர்த்தட்டுப் பக்கமும் நின்ற பெண்கள், கேமராவைப் பார்த்தால் ஒதுங்குகிறவர்கள் என்று ஒவ்வொரு வழியும் யாரையாவது விட்டுவிடும்.

மூன்றாவது, பின்வேலை யார் தலையில் விழும்? சேகரிப்பது சுலபம். அதைக் கேட்டு, பிரித்து, பெயர் எழுதி, தட்டச்சு செய்து, ஒழுங்குபடுத்துகிற ஆள் யார் என்று இப்போதே பெயர் சொல்ல முடியாவிட்டால் அந்தத் திட்டம் பாதியில் நிற்கும்.

நான்காவது, கல்யாண நாளுக்கு இடைஞ்சலா? ஐந்தாவது, இருபது வருடம் கழித்தும் திறக்க முடியுமா? கடைசியில் பணம்.

## வழி 1: மண்டபத்தில் வாழ்த்துப் புத்தகம்

செலவு மிகக் குறைவு, ஏற்பாடு ஒரு மேசைதான். ஒரு நல்ல தடிமனான நோட்டு, நாலு பேனா. வருகிறவர்களின் கையெழுத்தே கிடைக்கிறது, அது மற்ற எந்த வழியிலும் கிடைக்காது. தாத்தாவின் நடுங்கிய கையெழுத்து ஒரு பக்கத்தில் இருந்தால் அதன் மதிப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் வெற்றுப் பக்கத்தை நீட்டினால் எல்லோரும் முதல் ஆள் எழுதியதைப் பார்த்து அதையே எழுதுவார்கள். முதல் பக்கத்தில் "வாழ்க வளமுடன்" என்றால் கடைசிப் பக்கம் வரை அதுதான். இதற்கு ஒரே மாற்று, நோட்டுக்குப் பதிலாகக் கேள்வி அச்சடித்த தனித்தனி அட்டைகள். ஒரு அட்டைக்கு ஒரே கேள்வி. "பெண்ணை நீங்கள் முதன்முதலில் பார்த்தது எங்கே?", "மாப்பிள்ளை சின்ன வயதில் செய்த எந்தச் சேட்டை உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது?", "உங்கள் கல்யாணத்தில் நடந்த ஒரு குழப்பம்?" என்று. கேள்வி குறுகலாக இருந்தால்தான் பதில் நீளும்.

வெளியே தெரியாத செலவு ஆள்தான். மேசையை மட்டும் போட்டுவிட்டுப் போனால் கூட்டம் மொய் எழுதிவிட்டு நேராகப் பந்திக்குப் போய்விடும். கையைப் பிடித்துக் கூட்டிவந்து பேனாவைக் கொடுக்க, கலகலப்பான ஒரு சித்தி மகளோ மாமன் மகனோ அங்கேயே நிற்க வேண்டும், அவர்களுக்கு அன்றைய கல்யாணம் பாதிதான் தெரியும். அப்புறம் கையில் சந்தனம், பன்னீர், சாப்பிட்டுக் கழுவிய ஈரம். தண்ணீர் பட்டால் பரவும் ஜெல் பேனாவும் பளபளப்புப் பேனாவும் வேண்டாம், சாதாரணப் பால்பாயின்ட் பேனா வையுங்கள். கண்ணாடி கொண்டுவராத பெரியவர்களும், எழுதக் கூச்சப்படுகிறவர்களும் இதில் முழுக்க விடுபட்டுப் போவார்கள்.

எப்போது இது நல்லது: மாலை வரவேற்புக்கு, கல்லூரி நண்பர்களும் அலுவலகத்தார்களும் அதிகம் வரும் கூட்டத்துக்கு, நூறு பேருக்குள் நடக்கும் கல்யாணத்துக்கு. அதிகாலை முகூர்த்தத்துக்கு மட்டும் வைத்தால் பாதி நோட்டு காலியாகத்தான் திரும்பும்.

## வழி 2: கல்யாணத்தன்றே கேமராப் பேட்டி

இப்போது பல வீடியோக் குழுக்கள் இதையும் சேர்த்தே தருகிறார்கள். முகம், சிரிப்பு, பட்டுப்புடவை, பேசும்போது கை ஆடுவது, எல்லாம் வரும். பேச்சுக்கு முகமும் சேர்ந்தால் அதன் பலமே வேறு, ஒத்துக்கொள்கிறேன்.

சிக்கல் சத்தம். நாதஸ்வரமும் தவிலும் இருக்கும் கூடத்தில், அதுவும் கெட்டிமேளம் கொட்டும் நேரத்துக்கு முன்னும் பின்னும், பேச்சு எதுவும் தெளிவாகப் பதியாது. மாலையில் லைட் மியூசிக். இதோடு, வரிசையில் நிறுத்தி மைக்கை நீட்டினால் யாராக இருந்தாலும் வாழ்த்துதான் வாயில் வரும். கதை சொல்வதற்கு உட்கார வேண்டும், பக்கத்தில் தெரிந்த முகம் இருக்க வேண்டும், அவசரம் இருக்கக் கூடாது. மண்டபத்தில் இந்த மூன்றும் அமைவது அபூர்வம். யாரிடம் கதை அதிகமோ, அதாவது தாய்மாமன், பெண்ணின் அம்மா, பெரியப்பா, அவர்களுக்குத்தான் அன்று மூச்சு விட நேரமில்லை.

பணத்திலும் இங்கேதான் எதிர்பாராத செலவு. முகூர்த்தத்தை எடுக்கும் அதே ஆள் பேட்டியும் எடுக்க முடியாது, தனி ஆள் வேண்டும், எனவே தனித் தொகை. எடுத்ததை வெட்டி ஒட்டுவதற்குத் தனி நேரம். பல சமயம் கடைசியில் கைக்கு வருவது மூன்று நிமிடத் துண்டு, அதிலும் பேச்சின் மேல் பாட்டை ஏற்றிவிட்டிருப்பார்கள். வெட்டாத முழுப் பதிவை ஸ்டுடியோக்கள் காலத்துக்கும் வைத்திருப்பதில்லை, இடம் வேண்டுமென்று சில மாதங்களில் அழித்துவிடுவது சகஜம். எனவே பேசும்போதே "பேட்டிகளின் முழுப் பதிவு, வெட்டாமல், எங்கள் ஹார்ட் டிஸ்கில் வேண்டும்" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பேட்டித் துண்டுகளை அவர்கள் தங்கள் விளம்பரத்துக்குப் போடலாமா கூடாதா என்பதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

இருந்தாலும் இந்த வழிக்கு ஒரு பொன்னான நேரம் இருக்கிறது, பலர் அதை விட்டுவிடுகிறார்கள். முந்தின நாள் ராத்திரி. மாப்பிள்ளை அழைப்பு முடிந்து, சாப்பாடும் முடிந்து, சொந்தங்கள் மண்டபத்து அறைகளில் ஜமுக்காளத்தை விரித்துப் படுத்துக்கொண்டு பழங்கதை பேசும் அந்த ஒன்றிரண்டு மணி நேரம். அங்கேதான் அக்கா தங்கைகள் ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருத்துவார்கள், சிரிப்பு வரும், விட்டுப்போன பெயர்கள் ஞாபகம் வரும். பெரிய கேமரா வேண்டாம், ஒரு போன் போதும், கதவைச் சாத்தி, ஃபேனைக் குறைத்து நடுவில் வையுங்கள். பதிவாகிறது என்று மட்டும் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

எப்போது இது நல்லது: மறுநாளே விமானம் ஏறுகிறவர்கள் பலர் இருந்தால், உடல்நிலை காரணமாக இனி வெளியே வருவது சிரமம் என்ற பெரியவர்கள் வந்திருந்தால். சுயமரியாதைத் திருமணத்திலும் இதற்குத்தான் என் ஓட்டு. 1967 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சட்டப்படி செல்லும் அந்த முறையில், பெரியவர்கள் பேசும் பேச்சுதான் நிகழ்ச்சியின் பெரும்பகுதி. அதை அப்படியே பதிவு செய்ய மைக் செட்காரரிடம் முன்கூட்டியே சொன்னால் அவருடைய கருவியிலிருந்தே நேராகப் பென்டிரைவில் ஏற்றித் தர முடியும், கூட்டத்தின் இரைச்சல் அதிகம் ஏறாது.

## வழி 3: வாட்ஸ்அப் குரல்பதிவு

வர முடியாதவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. 2020 மே மாதம் திருமணங்களுக்கு 50 பேருக்கு மேல் கூடாது என்ற விதி வந்தபோது எத்தனையோ குடும்பங்களில் நெருங்கிய சொந்தங்களே வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஒருவர், டொராண்டோவில் ஒருவர், லண்டனில் ஒருவர் என்று சிதறிய குடும்பங்களுக்கு ஒவ்வொரு கல்யாணமும் ஏறக்குறைய அப்படித்தான். தட்டச்சு தெரியாத பாட்டிகூட மைக் பொத்தானை அழுத்திக்கொண்டு பேசிவிடுவார்.

குழுவில் கேட்காதீர்கள், ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். குழுவில் போட்டால் முதல் ஆள் அரை நிமிடம் வாழ்த்துவார், மற்றவர்களும் அரை நிமிடம் வாழ்த்துவார்கள். தனியாக, "அத்தை, அப்பா படிக்கிறப்போ உங்க வீட்லதானே தங்கியிருந்தார், அப்போ எப்படி இருந்தார்?" என்று நீங்களும் குரலிலேயே கேட்டால் பதில் ஐந்து நிமிடம் வரும், ஒரு பதில் வந்ததும் அதிலிருந்து அடுத்த கேள்வியை அனுப்பலாம், நாலைந்து நாட்களுக்கு இது ஒரு நிதானமான பேட்டியாகவே ஓடும்.

கோப்புகள்தான் இதன் பலவீனம். ஆண்ட்ராய்டில் குரல்பதிவுகள் தேதியும் எண்ணும் மட்டுமே உள்ள பெயர்களில், ஓபஸ் என்ற வடிவத்தில் கிடக்கும். போன் மாற்றினால், பேக்கப் தவறினால் போயிற்று. வந்த வாரத்திலேயே எடுத்து, "பெயர், உறவு, ஊர், தேதி" என்று மறுபெயரிட்டு, எம்பி3 ஆக ஒரு பிரதியும் போட்டு வைத்துவிட வேண்டும். இதைச் செய்ய ஒரு ஆள் இல்லையென்றால் இந்த வழியை முக்கிய வழியாக நம்பாதீர்கள்.

## வழி 4: கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் ஒலிப்பேட்டி

என் மனதுக்கு நெருக்கமானது இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம்மிடம் இதற்கு வசதியான ஒரு வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. மறுவீடு முடிந்ததும் புதுத் தம்பதியை ஒவ்வொரு வீடாக விருந்துக்குக் கூப்பிடுவார்கள். சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும் அந்த நேரத்தில் பெரியவர்களுக்கே பேசத் தோன்றும், கேட்க நீங்கள் இருவரும் அங்கேயே இருக்கிறீர்கள், வந்த மருமகளுக்கோ மருமகனுக்கோ இந்தக் குடும்பத்தின் கதை எதுவும் தெரியாது என்பதால் கேள்வி கேட்பதும் இயல்பாக இருக்கும். மகன் கேட்டால் "உனக்குத்தான் தெரியுமே" என்று முடித்துவிடுகிற அப்பா, மருமகள் கேட்டால் ஆதியிலிருந்து சொல்லுவார்.

கருவி என்று பெரிதாக எதுவும் வேண்டாம். போன், சட்டையில் குத்தும் சின்ன மைக் ஒன்று, அது ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. போனை ஃபிளைட் மோடில் போடுங்கள். டிவி, ஃபேன், குக்கர் விசில், மூன்றையும் கவனியுங்கள். ஒரு மணி நேர எம்பி3 சாதாரணத் தரத்தில் 60 எம்பிக்குள் அடங்கிவிடும், அதே ஒரு மணி நேரம் வீடியோவாக எடுத்தால் பல ஜிபி.

நேரம் எவ்வளவு? அமெரிக்காவில் 2003இல் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு சிறு அறையோடு தொடங்கிய ஸ்டோரிகார்ப்ஸ் என்ற அமைப்பு, ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரிந்த இருவரை உட்காரவைத்து 40 நிமிடம் பேசவிடுகிறது. அந்த அளவு நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் பொருந்துகிறது. அதற்கு மேல் போனால் களைப்பு வரும், சொன்னதே திரும்ப வரும். மிச்சத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

கணவனையும் மனைவியையும் சேர்த்து உட்காரவைக்காதீர்கள், குறைந்தபட்சம் முதல் தடவை. தாத்தா பக்கத்தில் இருந்தால் பாட்டி "அவரையே கேளு" என்பார். தனியாக, அடுப்படியிலோ திண்ணையிலோ உட்கார்ந்தால், பதினேழு வயதில் முன்பின் பார்க்காத ஒருவர் வீட்டுக்கு வந்தபோது முதல் ராத்திரி எதற்கெல்லாம் அழுதார் என்பதுவரை சொல்லுவார்.

"உங்க கல்யாணத்தைப் பத்திச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தால் "அப்போல்லாம் என்ன, எளிமையாத்தான்" என்று முடிந்துவிடும். பொருளிலிருந்து தொடங்குங்கள். எத்தனை நாள் கல்யாணம், பந்தல் வீட்டு வாசலிலா தெருவை அடைத்தா, எத்தனை பந்தி, என்ன பாயசம், எந்தக் கடையில் கூறைப்புடவை, யார் போய் எடுத்தார்கள், நீங்கள் பார்த்தீர்களா இல்லை நேரே மணவறையில்தான் பார்த்தீர்களா, இரண்டாவது மூன்றாவது முடிச்சுப் போட்ட நாத்தனார் யார், நலங்குக்கு யார் பாடினார்கள், ஒரு அடியாவது இப்போது பாட முடியுமா, கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயந்த நேரம் எது, பந்தியில் யார் கோபித்துக்கொண்டு எழுந்தார்கள், யார் சமாதானம் செய்தார்கள்.

இன்னொரு கருவி உங்கள் பீரோவிலேயே இருக்கிறது, மொய் நோட்டு. ஐம்பது வருடத்துக்கு முந்தைய நோட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாசித்துப் பாருங்கள். ஐந்து ரூபாய் எழுதியவர் யார், அந்த ஊரிலிருந்து ஏன் வந்தார், நம் வீட்டார் அவருக்குத் திரும்ப எப்போது செய்தார்கள் என்று ஒவ்வொரு வரியும் ஒரு கதையைக் கிளப்பும். ஆல்பத்தைவிட இது நன்றாக வேலை செய்கிறது என்பது என் அனுபவம், ஏனென்றால் ஆல்பத்தில் மேடைக்கு வந்தவர்கள் மட்டும்தான் இருப்பார்கள்.

சரி, வெளியே தெரியாத செலவு. ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு முழுதாகத் தட்டச்சு செய்ய, பழக்கமில்லாதவருக்கு நாலிலிருந்து ஆறு மணி நேரம் பிடிக்கும். தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும் செயலிகள் இப்போது இருக்கின்றன, தெளிவான பேச்சில் நன்றாகவே உதவுகின்றன, ஆனால் வட்டாரப் பேச்சு வந்தாலோ, ரெண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினாலோ, ஆள் பெயர் ஊர் பெயர் வந்தாலோ தடுமாறும், உட்கார்ந்து திருத்தத்தான் வேண்டும். முழுதாக எழுத நேரமில்லாவிட்டால், எந்த நிமிடத்தில் என்ன விஷயம் என்று ஒரு பக்கக் குறிப்பாவது எழுதிவையுங்கள். திருத்தும்போது "அவுக", "வந்தாக" என்பதையெல்லாம் "அவர்கள்", "வந்தார்கள்" என்று மாற்றிவிடாதீர்கள், அந்தக் குரல் அதில்தான் இருக்கிறது.

இன்னொரு செலவு மனச்சங்கடம். கல்யாணத்தைத் தோண்டினால் சீர் குறைந்தது, நகை பேசியது, பத்திரிகையில் பெயர் விட்டது, யாரோ வராமல் போனது எல்லாம் மேலே வரும். பேச ஆரம்பிக்கும் முன்பே இதை யார் யார் கேட்பார்கள் என்று சொல்லிவிடுங்கள், "இதை எழுதாதே" என்று ஒரு வார்த்தை வந்தால் அந்தப் பகுதியைப் பொதுப் பிரதியிலிருந்து எடுத்துவிடுங்கள், பேசியவருக்கே முதலில் போட்டுக் காட்டுங்கள். சமீபத்தில் பெரிய சண்டை நடந்து ஆறாமல் இருக்கும் குடும்பத்தில் இந்த வழியைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுவதே நல்லது. பொறுமையாகக் கேட்கத் தெரிந்த ஒரு ஆள்கூட இல்லாத வீட்டுக்கும் இது ஆகாது.

## வழி 5: கதையாக எழுதி அச்சிடுவது

இதில் இரண்டு வகை. தம்பதி தாங்களே எழுதுவது, எழுதுகிற ஒருவரிடம் காசு கொடுத்து எழுதவைப்பது.

தாங்களே எழுதினால் செலவில்லை, ஆனால் முதல் மாதத்துக்குள் எழுத வேண்டும். அதற்குப் பிறகு ஆல்பம் வந்துவிடும், ஆல்பம் வந்ததும் ஞாபகமும் அதில் உள்ள படங்களின் வரிசையிலேயே போக ஆரம்பித்துவிடும். இருவரும் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் தனித்தனியாக எழுதுங்கள். பெண் எழுதுவதில் அதிகாலை அலங்காரமும் தலைப்பின்னல் கனமும் பசியும் இருக்கும், மாப்பிள்ளை எழுதுவதில் காசி யாத்திரைக் குடையும் வேட்டி அவிழ்ந்துவிடுமோ என்ற பயமும் இருக்கும். இரண்டும் பல இடங்களில் ஒத்துவராது. ஒன்றாக்க முயலாதீர்கள், அடுத்தடுத்து அப்படியே வையுங்கள்.

காசு கொடுத்து எழுதவைப்பதென்றால், தொகை பேசும் முன் இவற்றைக் கேளுங்கள்: பேட்டியை யார் எடுப்பார்கள், எத்தனை பேரிடம், ஒலிக்கோப்பு யாரிடம் இருக்கும், எத்தனை தடவை திருத்தித் தருவார்கள், பேச்சு வழக்கை அப்படியே விடுவார்களா. மாதிரிக்கு ரெண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். பக்கம் முழுக்க "இரு மனங்கள் இணைந்த பொன்னாள்" என்றிருந்து ஒரு ஊர்ப் பெயரோ பலகாரப் பெயரோ இல்லையென்றால், அது யார் கல்யாணத்துக்கும் பொருந்துகிற எழுத்து, உங்களுக்கு வேண்டாம்.

அச்சில் தமிழுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. நீங்கள் யூனிகோடில் தட்டச்சு செய்து கொடுப்பீர்கள், அச்சகத்தில் பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள், கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். மெய்ப்பு பார்க்க ஒரு ஆளும் ஒரு வாரமும் ஒதுக்குங்கள். புத்தகத்தில் க்யூஆர் கோடு போட்டுப் பேட்டிகளைக் கேட்கவைப்பது இப்போது பரவியிருக்கிறது, நல்ல யோசனைதான், ஆனால் சந்தா கட்டி வாங்கும் கோடுகள் சந்தா நின்றதும் வேலை செய்யாது. இணைப்பு செத்தாலும் நிற்கும்படி முக்கியமான பேச்சை எழுத்தாகவே உள்ளே போட்டுவிடுங்கள்.

எப்போது நல்லது: எழுதுவதில் பிரியமுள்ளவர்களுக்கு, பதிவு அலுவலகத்தில் நான்கு பேர் முன்னால் நடந்த கல்யாணத்துக்கு, கதை முழுக்க உங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த காதல் கல்யாணத்துக்கு. வந்தவர்களைக் கேட்டால் அங்கே ஒன்றும் கிடைக்காது, நீங்கள்தான் எழுத வேண்டும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | கிடைப்பது | விடுபடுகிறவர்கள் | பின்வேலை | அன்றைய இடைஞ்சல் |
|---|---|---|---|---|
| வாழ்த்துப் புத்தகம் | பெரும்பாலும் வாழ்த்து, கேள்வி அட்டை இருந்தால் சிறு கதைகள் | எழுதச் சிரமப்படுகிறவர்கள் | மிகக் குறைவு | மேசையில் நிற்கும் ஆளுக்கு மட்டும் |
| மண்டபப் பேட்டி | முகமும் வாழ்த்தும், முந்தின இரவு என்றால் கதை | வேலையாக நிற்கிறவர்கள், கூச்சக்காரர்கள் | அதிகம் | அதிகம் |
| வாட்ஸ்அப் குரல் | நடுத்தரம், தனியாகக் கேட்டால் நல்ல கதை | போன் பழக்கமில்லாதவர்கள் | பெயரிட்டுச் சேமிக்கும் வேலை | இல்லை |
| வீட்டுப் பேட்டி | முழுக் கதை | தூரத்தில் இருப்பவர்கள் | மிக அதிகம் | இல்லை |
| எழுதிய கதை | உங்கள் பார்வையில் முழுக் கதை | விருந்தினர் எல்லோரும் | அதிகம் | இல்லை |

## இருபது வருடம் தாங்குமா

1980களிலும் 90களிலும் கல்யாணம் செய்தவர்கள் பலரிடம் விஎச்எஸ் கேசட் இருக்கிறது, போட்டுப் பார்க்கக் கருவி இல்லை. கடைசிவரை அந்தக் கருவியைத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமே 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. கேசட் இருந்தால் இந்த வருடமே மாற்றிவிடுங்கள். இணையத்தில் ஏற்றிவிட்டோம் என்றும் நிம்மதியாக இருக்க முடியாது. கூகுள் போட்டோஸில் அளவில்லாத இலவசச் சேமிப்பு 2021 ஜூன் 1 அன்று முடிந்தது, ரெண்டு வருடம் தொடாத கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து அழிக்கவும் தொடங்கினார்கள். "எங்கள் கல்யாணம்" என்று தனியாக ஒரு கணக்கு திறந்து எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டு மறந்துபோகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மூன்று பிரதி, ரெண்டு வகைப் பொருளில், ஒன்று வேறு வீட்டில் என்று வையுங்கள். தம்பதி வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க், அண்ணன் வீட்டில் ஒன்று, இணையத்தில் ஒன்று.

காகிதத்தையும் விட்டுவிடாதீர்கள். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா புத்தகங்களோடு கல்யாணப் பத்திரிகைகளையும் சேர்த்து வைத்தார், அந்தச் சேகரிப்பின் மேல்தான் 1994இல் சென்னையில் அவர் பெயரில் ஆய்வு நூலகம் எழுந்தது. மின்சாரமோ கடவுச்சொல்லோ கேட்காமல் காகிதம் அத்தனை காலம் இருந்திருக்கிறது. பேட்டியில் சிறந்த பத்துப் பக்கத்தை அச்செடுத்து மொய் நோட்டோடு சேர்த்து வையுங்கள்.

## உங்களுக்கு எது

எழுபது, எண்பது வயதைத் தாண்டியவர்கள் வீட்டில் இருந்தால் மற்ற எதையும் யோசிக்காமல் வழி 4. கல்யாணத்துக்கு முன்பே தொடங்கினாலும் தப்பில்லை, பத்திரிகை கொடுக்கப் போகும்போதே போனைப் பையில் எடுத்துப் போங்கள்.

சொந்தங்கள் நாடு நாடாக இருந்தால் வழி 3, அதோடு நேரில் வந்தவர்களிடம் முந்தின ராத்திரிப் பதிவு. நண்பர்கள் கூட்டம் பெரிது, சொந்தம் சிறிது என்றால் வழி 1, கேள்வி அட்டைகளோடு. பதிவுத் திருமணம், வீட்டார் ஒப்புக்கொள்ளாத திருமணம் என்றால் வழி 5, அன்று சாட்சிக் கையெழுத்துப் போட்ட நண்பர்களிடமும் ஆளுக்கு ரெண்டு பக்கம் எழுதி வாங்குங்கள், அவர்கள்தான் உங்கள் விருந்தினர்.

பணம் கொஞ்சம்தான், நேரமும் கொஞ்சம்தான் என்றால் வீடியோக்காரரின் பேட்டிப் பகுதியை விட்டுவிடுங்கள். அந்தத் தொகையில் ஒரு மைக்கும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும் வாங்கிவிட்டு, அம்மா வழியில் ஒருவர், அப்பா வழியில் ஒருவர், துணைவர் வீட்டில் இருவர் என்று நாலு பேரிடம் மட்டும் 40 நிமிடம் கேளுங்கள். நாலு பேர் போதும். நாற்பது பேர் என்று பட்டியல் போட்டவர்கள்தான் ஒருவரிடமும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

கல்யாணமாகிப் பத்து இருபது வருடம் ஓடிவிட்டதே என்று கேட்கிறவர்களுக்கும் வழி 4 அப்படியே பொருந்தும். அடுத்த தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் போகும்போது உங்கள் மொய் நோட்டையும் ஆல்பத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். அன்று மேடையில் உங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, பின்னால் அரிசி குறைந்ததும், ஐயர் வர நேரமானதும், யாரோ ஓடிப்போய்ப் பூ வாங்கி வந்ததும் உங்கள் சித்தப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும்தான் தெரியும். அவர்களிடம் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: "எங்க கல்யாணத்தன்னைக்கு, எங்களுக்குத் தெரியாம நீங்க சமாளிச்சது என்ன?"